பின்னச் சமன்பாடுகளும் பொதுப் பகுதியும்

1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய நாணயம் பதின்மான முறைக்கு மாறிற்று. அதுவரை 16 அணாக்களைக் கொண்டிருந்த ரூபாய், அன்றுமுதல் 100 நயா பைசாக்களைக் கொண்டதாயிற்று. கொல்கத்தாவிலுள்ள அலிப்பூர் நாணயசாலையிலும் புதிய நாணயங்கள் அச்சிடப்பெற்றன. பழைய நாணயங்களும் சில காலம் உடன் வழங்கியமையால், இத்தனை அணாவுக்கு எத்தனை நயா பைசா என்னும் வினா கடைதோறும் எழுந்தது. அவ்வினா ஒரு பின்னச் சமன்பாடே ஆகும்.

அணாக்களின் எண்ணிக்கை அ என்க. அதற்கு ஈடான நயா பைசாக்களின் எண்ணிக்கை ந என்க. இரண்டும் ரூபாயின் பின்னங்களாதலால்,

அ/16 = ந/100

16, 100 என்னும் பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு 400. இருபுறத்தையும் 400ஆல் பெருக்கினால் பின்னங்கள் நீங்கி,

25அ = 4ந

என்றாகும். 4 அணாவுக்கு 25, 8 அணாவுக்கு 50, 12 அணாவுக்கு 75 நயா பைசா. ஆனால், ஓர் அணாவுக்கு 6¼ வரும். கால் நயா பைசாவுக்கு நாணயம் இன்மையால் 6 எனக் கொள்ளப்பட்டது. ஓரணாப் பொருளை நான்கு முறை தனித்தனியே வாங்கியவர் 24 நயா பைசாவும், ஒருங்கே வாங்கியவர் 25 நயா பைசாவும் கொடுக்க நேரும். எனவே, பின்னத்தை இடையில் விட்டுவிடலாகாது; கணக்கின் இறுதியிலேயே முழுமையாக்க வேண்டும். இவ்வேறுபாடு அற்பமன்று. 1953இல் கொல்கத்தா டிராம் வண்டியின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா, அதாவது ரூபாயில் 64இல் ஒரு பங்கு, உயர்ந்தபோது நகரமெங்கும் பெருங்கிளர்ச்சி மூண்டது.

முழு எண்ணும் கலந்துவரும் சமன்பாட்டில் மாணவர் பெரிதும் பிழை செய்வர். ஒருவர் தம் தொகையில் மூன்றில் ஒரு பங்கை அரிசிக்கும், நான்கில் ஒரு பங்கை வாடகைக்கும் செலவிட்டார்; மீதி 10 ரூபாய். தொகை த எனின்,

த/3 + த/4 + 10 = த

பொதுப் பகுதி 12. ஒவ்வோர் உறுப்பையும் 12ஆல் பெருக்குக.

4த + 3த + 120 = 12த
5த = 120
த = 24

சரிபார்த்தல்: 8 + 6 + 10 = 24.

10ஐப் பெருக்க மறந்தவருக்கு 7த + 10 = 12த, அதாவது த = 2 என வரும். மீதியே 10 ரூபாயாக இருக்க, மொத்தம் 2 ரூபாய் ஆதல் எங்ஙனம்? இவ்வினாவை மாணவரே எழுப்பப் பழக்குதல் ஆசிரியர் கடன். பின்னமில்லாத உறுப்பின் பகுதி 1 என முதலிலேயே எழுதச் செய்தால் இப்பிழை பெரும்பாலும் நேராது.