ஆய்வுக்கூடக் கணினி முறைமை: இந்த இரத்தம் யாருடையது?

1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, தொடக்கத்திலிருந்தே கணினிவழி இயங்கும் மருத்துவமனையாகத் திட்டமிடப்பட்டது. இன்று ஆய்வுக்கூடத்தில் கணினி புதுமையன்று. ஆயினும் முடிவைத் தட்டெழுதி அச்சிடுவதே அதன் வேலை என்று எண்ணுவோர் உண்டு. 'இந்த இரத்தம் யாருடையது?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு கட்டத்திலும் விடை சொல்வதே அதன் முதற்பணி என்பது என் கருத்து. அதன்படி முறைமையை வடிவமைக்கும் வழியை இங்குச் சுருக்கமாக விளக்குகிறேன்.

1. தரவுத்தளம்

நோயாளி, கோரிக்கை, மாதிரி, பரிசோதனை, முடிவு ஆகிய ஐந்துக்கும் தனித்தனி அட்டவணைகள் தேவை. மருத்துவர் ஒரே கோரிக்கையில் சர்க்கரை அளவையும் முழு இரத்த எண்ணிக்கையையும் கேட்கலாம். முன்னதற்குச் சாம்பல் மூடிக் குழாய், பின்னதற்கு ஊதா மூடிக் குழாய். எனவே கோரிக்கை எண்ணும் மாதிரி எண்ணும் ஒன்றாகா. பெயரையும் அடையாளமாகக் கொள்ள முடியாது. ஒரே பெயரில் பலர் இருப்பர். 12 இலக்க அடையாள அட்டை எண் உதவும். ஆனால் பிறந்த குழந்தைக்கும், நினைவிழந்து வரும் விபத்து நோயாளிக்கும் அது உடனே கிடைக்காது. ஆகவே முறைமையே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்க வேண்டும்.

2. மாதிரி எடுத்தல்

பிழைகளில் பெரும்பகுதி, மாதிரி கருவிக்குள் செல்லும் முன்பே நேர்கின்றது. தாதி நோயாளியின் கைப்பட்டையைச் சரிபார்த்து, கட்டில் அருகிலேயே பட்டைக்குறியீட்டை அச்சிட்டுக் குழாயில் ஒட்டுவதே பாதுகாப்பானது.

3. கருவி இணைப்பு

கருவி பட்டைக்குறியீட்டைப் படித்து, செய்ய வேண்டிய பரிசோதனையைக் கணினியிடம் கேட்டறிய வேண்டும். முடிவும் நேரே கணினிக்குத் திரும்ப வேண்டும். இடையில் கையால் தட்டெழுதுவது தவிர்க்கப்படும். மருத்துவமனையின் பிற முறைமைகளுடன் செய்தி பரிமாற, 1987இல் தொடங்கிய எச்.எல்.7 தரநிலை பயன்படுகிறது.

4. சரிபார்ப்பு

ஒருவரின் பொட்டாசியம் நேற்று 4.2 மில்லிமோல்; இன்று 7.5. இயல்பு அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5.0 வரை. உண்மையெனில் இதயத்துக்கு ஆபத்து. ஆனால் இரத்த அணுக்கள் சிதைந்திருக்கலாம். ஊதா மூடிக் குழாயின் பொட்டாசிய உப்பு கலந்திருக்கலாம். வேறொருவரின் இரத்தமாகவும் இருக்கலாம். அந்த உப்பு கலந்திருந்தால் கால்சியம் அளவு தாழ்ந்து காணப்படும். எனவே பழைய முடிவையும் கால்சியத்தையும் அருகருகே காட்டி, தொழில்நுட்பரைக் கணினி எச்சரிக்க வேண்டும்.

முடிவை நெடுநேரம் நிறுத்திவைப்பதும் ஆபத்தே. வார்டுக்கு உடனே தொலைபேசியில் அறிவித்து, யார் சொன்னார், யார் கேட்டார், எப்போது என்பவற்றைப் பதிவு செய்தல் கட்டாயம். முடிவு பின்னர் திருத்தப்பட்டாலும் பழையது அழியக்கூடாது. அதைக் கொண்டு மருத்துவர் ஏற்கெனவே மருந்து கொடுத்திருக்கலாம்.

கணினித்துறை மாணவர்கள் நிரல் எழுதும் முன், ஒரு குழாய் கட்டிலிலிருந்து கருவி வரை செல்லும் வழியை உடன் சென்று காண வேண்டும். அக்குழாய் எத்தனை கை மாறுகிறதோ, அத்தனை இடங்களிலும் நம் முறைமை அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.