முந்நூறு மூடு வெட்டுபவருக்கு நடைப்பயிற்சி எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது, ரப்பர் பால்வெட்டு. நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். வாரம் மூன்று நாள் நாகர்கோவிலுக்கு வந்து பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். பஸ்ஸிலேயே அரைநாள் போய்விடும். வீட்டிலேயே செய்யக் கூடாதா? அப்பாவோ, "முந்நூறு மூடு வெட்டுகவனுக்கு எக்சர்சைஸ் எதுக்கு மக்ளே?" என்கிறார்.
– வாசகி, பேச்சிப்பாறை

பதில்: செய்யலாம். ஆனால் முதல் நாளிலிருந்தே அல்ல.

2017-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 23 சோதனைகளில் 2,890 இதய நோயாளிகளை ஒப்பிட்டது. மருத்துவமனையில் பயிற்சி எடுத்தவர்களுக்கும் வீட்டில் செய்தவர்களுக்கும் உடல்திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஆபத்து குறைந்தவர்கள். அப்பாவின் எக்கோவில் பம்ப் திறன் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, நடந்தால் நெஞ்சு இறுகினாலோ பஸ் ஏறத்தான் வேண்டும். இல்லையென்றால், டிரெட்மில் சோதனையும் முதல் சில நாள் பயிற்சியும் அங்கே, மிச்சம் வீட்டில் என்று வைத்துக்கொள்ளலாமா என டாக்டரிடம் கேளுங்கள்.

பால்வெட்டு லேசான வேலை என்று எழுதினால் குமரி மாவட்டத்துக்குள் நான் கால் வைக்க முடியாது. ஆனால் ஒரு மரத்து மூட்டில் பட்டை சீவி, நாலடி நடந்து, அடுத்த மூட்டில் நின்றுவிடுகிறார். துடிப்பு ஏறி நிலைப்பதில்லை. கடைசியில் பால் வாளியோடு மேடேறும்போது மூச்சைப் பிடிக்கிறார். ரத்த அழுத்தம் எகிறுகிறது. டாக்டர் சொல்லும்வரை வாளியை வேறு யாராவது தூக்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி நடைதான். உங்கள் ஊரில் சமதரைக்குத்தான் பஞ்சம். 30 மீட்டர் கிடைத்தால் போதும். கயிற்றால் அளந்து இரு முனையிலும் கல் வையுங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி, மெல்ல அரைமணிக்குக் கொண்டுபோங்கள், வாரம் ஐந்து நாள். நாடி பார்த்து வேகத்தை முடிவுசெய்ய வேண்டாம். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை துடிப்பை அடக்கிவைக்கும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

மாதம் ஒருமுறை, ஆறு நிமிடத்தில் எத்தனை தடவை கல்லைத் தொடுகிறார் என்று காலண்டரில் குறியுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் செய்யும் சோதனையும் இதேதான். ஒரு தடவை கூடினாலே முன்னேற்றம். குறைந்தால் காலண்டரோடு டாக்டரிடம் போங்கள்.

நாக்கடியில் வைக்கும் மாத்திரை சட்டைப்பையில் இருக்கட்டும். செல்போன் ரேஞ்ச் இல்லாத தோட்டத்துக்குள் தனியே நடக்க விடாதீர்கள்; 108-ஐ அங்கிருந்து கூப்பிட முடியாது.