எருமை முதுகில் ஒரு வைத்தியர்



தென்னாப்பிரிக்காவில் வேலை பார்க்கும் என் சித்தப்பா, கோடை விடுமுறையில் என்னைக் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். 1926-இல் தொடங்கிய பூங்கா அது. அங்கே 500-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் உண்டு. முகாமில் ஒரு குடில் எடுத்து, நாங்களே சமைத்துச் சாப்பிட்டோம். முதல் நாளே ஒரு குரங்கு ஜன்னல் வழியா வந்து ரொட்டிப் பாக்கெட்டைத் தூக்கிட்டுப் போயிடுச்சு!

காட்டுக்குள் காரைவிட்டு இறங்கக்கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகவும் கூடாது. மெதுவாகப் போனதால்தான் அதைப் பார்த்தேன். ஓர் எருமையின் முதுகில் மைனாவைவிடச் சற்றுச் சிறிய, சிவப்பு அலகுள்ள பழுப்புப் பறவைகள்!

"எருமை ஏன் சித்தப்பா விரட்டாம நிக்குது?"

"உண்ணி பொறுக்குதுடா, அதான்."

ஆபத்து வந்தால் இவை சத்தம் போட்டு எச்சரிக்கும். ஆனால் எருமையின் புண்ணைக் கொத்தி இரத்தமும் குடிக்கும்!

இதற்கு மஞ்சள் அலகுள்ள உறவுப் பறவை ஒன்று உண்டு. 1896-இல் தென் ஆப்பிரிக்கப் பகுதியில் பரவிய வெக்கை நோயில் எருமைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. பிறகு மாட்டு உண்ணியைக் கொல்ல, ஆர்சனிக் கலந்த தண்ணீரில் மாடுகளை முக்கி எடுத்தார்கள். அந்த உண்ணியைத் தின்ற பறவையும் செத்தது. தென்னாப்பிரிக்காவில் அந்த இனமே இல்லாமல் போனது. 1979-இல்தான் க்ரூகருக்குத் திரும்பி வந்தது.

எங்க வீட்டு மாட்டுக்கும் உண்ணி மருந்து அடிக்கிறோம். அதன் முதுகில் காக்கா வந்து உட்காரும்போது, இப்போதெல்லாம் எனக்குப் பக்குன்னு இருக்கு. மருந்து உண்ணியோடு நிற்பதில்லை, நண்பர்களே!

— 9-ஆம் வகுப்பு மாணவன்