அழுகுரல் கேட்காத விழா

தியான அறையில் அமர்ந்திருக்கும்போது மனம் அமைதியாக இருப்பது இயல்பு. வீடு நிறைய உறவினர் வந்திருக்க, அடுப்பில் எண்ணெய் காய, வாசலில் மீண்டும் அழைப்பு மணி ஒலிக்கும்போது அதே மனம் எப்படி இருக்கிறது? இல்லறத்தாரின் சாதனைக்கு அதுவே தேர்வு. வீட்டில் விழா நடக்கும் நாட்கள் அந்தத் தேர்வு நாட்கள்.

2025 ஆகஸ்டில் அத்தகைய நாட்கள் தொடர்ந்து வந்தன. 15 ஆம் தேதி வெள்ளிக்கிழமை சுதந்திரத் திருநாள், 16 சனிக்கிழமை கோகுலாஷ்டமி, 17 ஞாயிற்றுக்கிழமை. மும்பை போன்ற பெருநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட தொடர் விடுமுறை பெரும் வாய்ப்பு. பிறந்த நட்சத்திரம் வாரநாளில் வந்தால் அன்று கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, உறவினரை அழைத்துக் கொண்டாடுவதை விடுமுறைக்கு ஒதுக்கி வைப்பது நகர வழக்கம். ஆகவே பேரனின் ஆண்டு நிறைவும் பாட்டனாரின் அறுபதாம் ஆண்டு நிறைவும் சில வேளைகளில் ஒரே விடுமுறையில் கூடிவிடுகின்றன. புனேயிலிருந்தும் சென்னையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் உறவினர் வந்து இறங்குகின்றனர். தாராவியின் ஒற்றை அறை வீடானாலும், மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பானாலும், இரவில் கூடத்தில் பாய் விரித்த பின் கால் வைக்க இடம் இருப்பதில்லை.

இந்த நாட்களை வெறும் களிப்பாகவோ வெறும் சுமையாகவோ கழித்துவிடாமல் சாதனையாக ஆக்குவது எப்படி? சாஸ்திரங்கள் இதற்குத் தெளிவான வழி காட்டுகின்றன.

பிறப்பும் கடனும்

சுக்ல யஜுர் வேதத்தைச் சேர்ந்த சதபத பிராமணம் தன் முதற் காண்டத்தில் ஓர் ஆழ்ந்த கருத்தைக் கூறுகிறது. மனிதன் பிறக்கும்போதே கடன்பட்டவனாகப் பிறக்கிறான். தேவர்களுக்குரிய கடனை வேள்வியாலும், ரிஷிகளுக்குரிய கடனை வேதம் ஓதுவதாலும், முன்னோருக்குரிய கடனை மக்கட்பேற்றாலும் தீர்க்கிறான். நான்காவது, மனிதர்களுக்குப் பட்ட கடன். தங்க இடமும் உண்ண உணவும் அளிப்பதன் மூலம் அது தீர்கிறது. தைத்திரீய சம்ஹிதை முதல் மூன்று கடன்களை மட்டும் குறிப்பிடுகிறது. அவற்றோடு மனிதக் கடனையும் சேர்த்துச் சொல்வது சதபத பிராமணத்தின் சிறப்பு.

பிறந்தநாளின் பொருளை இக்கருத்து மாற்றிவிடுகிறது. பிறந்த கணத்திலேயே கடன் தொடங்குகிறது என்றால், அக்கணத்தை நினைவுகூரும் நாள் பெறுவதற்குரிய நாளாவதைவிடக் கொடுப்பதற்குரிய நாளாவதே பொருத்தம். மும்பைத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை தேடி அந்நகருக்கு வந்த இளைஞர்கள் பலர் ஊர்க்காரர் ஒருவரின் சிறிய அறையில், ஒரு மூலையில் பாய் விரித்தே வாழ்வைத் தொடங்கினர். வேலை கிடைத்தபின் அதே மூலையை அடுத்து வந்தவருக்கு அளித்தனர். இடம் கொடுத்தவருக்கே அதைத் திருப்பிச் செலுத்த இயலாமற் போகலாம். அடுத்து வருபவருக்குக் கொடுத்தால் கடன் தீர்கிறது.

ஆனால் இடமும் உணவும் தந்துவிட்டால் எல்லாம் நிறைந்துவிடுமா? இதற்கு விடை காண நாம் இரண்டு இல்லங்களுக்குச் செல்லவேண்டும்.

நந்தகோபர் இல்லம்

ஸ்ரீமத் பாகவதம் பத்தாவது ஸ்கந்தத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு வீட்டு விழா வருகிறது. குழந்தை கண்ணன் முதன்முதலாகப் புரண்டு படுத்த நாள் அது. பிறந்த நட்சத்திரமும் அன்று கூடியிருந்தது. யசோதை கோகுலத்துப் பெண்களை அழைத்தாள். பாட்டும் வாத்தியமும் மந்திர ஒலியும் சூழக் குழந்தைக்கு நீராட்டு நடந்தது. வேதம் வல்லோருக்கு உணவும் ஆடையும் பசுக்களும் வழங்கப்பட்டன. குழந்தைக்கு உறக்கம் வந்ததும் ஒரு வண்டியின் கீழே மெல்லப் படுக்க வைத்துவிட்டு, விருந்தினரை உபசரிக்கத் தாய் சென்றாள்.

சற்று நேரத்தில் குழந்தை பாலுக்கு அழுதது. விருந்தினரைப் போற்றுவதில் மனம் முழுவதும் ஈடுபட்டிருந்த யசோதையின் காதில் அந்த அழுகுரல் விழவில்லை. குழந்தை காலை உதைத்தது, வண்டி புரண்டது, அதிலிருந்த பாத்திரங்கள் நொறுங்கின. எல்லோரும் ஓடி வந்து, வண்டி தானாக எப்படிக் கவிழ்ந்தது என்று திகைத்தனர். அருகே விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள், அழுத குழந்தைதான் உதைத்துத் தள்ளியது என்று உண்மையைச் சொன்னார்கள். பெரியவர்கள் அதைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று நம்ப மறுத்தனர்.

வண்டியில் சகடாசுரன் மறைந்திருந்தான் என்று மரபு கூறும். இல்லறத்தார் கற்கவேண்டிய பாடம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. யசோதை செய்தவை அனைத்தும் அறமே. பாகவதமும் அவளைக் குறை கூறவில்லை. உயர்ந்த மனம் உடையவள் என்றே குறிப்பிடுகிறது. இருந்தும், யாருக்காக விழா எடுக்கப்பட்டதோ அந்தக் குழந்தையின் குரல் விழாவின் ஓசையில் அமிழ்ந்துபோயிற்று. அதைக் கேட்டவர்கள், எந்தப் பொறுப்பும் இல்லாத சிறுவர்கள் மட்டுமே.

இன்றைய இல்லங்களிலும் இது நிகழ்கிறது. புகைப்படம் எடுத்து முடியட்டும் என்று, உறங்கி விழும் குழந்தையை இரவு பத்து மணி வரை அலங்காரத்துடன் நிறுத்தி வைக்கிறோம். அறுபது நிறைந்த பெரியவரை நாற்காலியில் அமர்த்தி, வரிசையாக வந்து வணங்கிவிட்டுச் செல்கிறோம். அவருடன் அமர்ந்து பத்து நிமிடம் பேசியவர் எத்தனை பேர்? மூன்று நாளும் அடுக்களையில் நின்ற குடும்பத் தலைவியிடம், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டவர் யார்?

யமனின் இல்லம்

கடோபநிஷதம் காட்டும் இல்லம் இதற்கு நேர் மாறானது. அங்கே விழா இல்லை. வீட்டுத் தலைவனும் இல்லை. வாசலில் நசிகேதன் என்னும் சிறுவன் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருக்கிறான். திரும்பி வந்த யமன் செய்தியறிந்து நடுங்குகிறான். எல்லோருடைய ஆயுளையும் அளந்து முடிப்பவன், ஒரு விருந்தினன் பட்டினி கிடந்ததற்காக அஞ்சுகிறான்! தான் வெளியே சென்றிருந்ததாக அவன் காரணம் கூறவில்லை. சிறுவனை வணங்கி, காத்திருந்த ஒவ்வோர் இரவுக்கும் ஒரு வரமாக மூன்று வரங்கள் கேட்கச் சொல்கிறான்.

ஓர் இல்லத்தில் குழந்தையின் குரல் கேட்கவில்லை. மற்றோர் இல்லத்தில் விருந்தினனின் பசி தெரியவில்லை. இரண்டிலும் குறைந்தது பொருள் அன்று, கவனம். திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் விருந்தினரின் உள்ளத்தை அனிச்ச மலரைவிட மென்மையானதாகக் காட்டுவதும் இதனால்தான். பண்டங்களின் எண்ணிக்கையால் அந்த மலர் வாடாமல் இருப்பதில்லை; முகத்தைப் பார்த்துப் பரிமாறும் கவனமே அதைக் காக்கிறது. கவனத்தை ஒருமுகப்படுத்துவதே தியானம் எனில், விருந்தோம்பல் திறந்த கண்களோடு செய்யும் தியானம்.

மூன்று வரங்கள், மூன்று நாட்கள்

நசிகேதன் கேட்ட வரங்களை வரிசையாகச் சிந்தித்தால், மூன்று நாள் விடுமுறைக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது.

முதல் வரம், தந்தையின் சினம் தணிந்து அவர் தன்னை அன்போடு ஏற்கவேண்டும் என்பது. ஆன்ம ஞானத்தைத் தேடியவன் முதலில் வீட்டின் மனத்தாங்கலைத் தீர்க்கிறான். குடும்பம் கூடும் முதல் நாளின் பணியும் இதுவே. ஊரிலுள்ள வீட்டின் பங்கு குறித்தோ, எப்போதோ சொன்ன ஒரு சொல் குறித்தோ பேசாமல் இருக்கும் சகோதரர்கள் பல குடும்பங்களில் உண்டு. அழைப்பிதழ் அனுப்பியதோடு நில்லாமல், வீட்டுத் தலைவரே தொலைபேசியில் அழைத்து, வாருங்கள் என்று கூறுவது ஒரு வேள்விக்கு ஒப்பாகும்.

இரண்டாம் வரம், வேள்வித் தீயைப் பற்றிய அறிவு. இரண்டாம் நாள் வழிபாட்டுக்குரியது. குழந்தையின் ஆண்டு நிறைவுக்கு ஆயுஷ்ய ஹோமமும், அறுபது நிறைந்தவருக்கு ஷஷ்டியப்த பூர்த்தியும் மரபு வகுத்தவை. குரு ஏறத்தாழ 12 ஆண்டுகளிலும் சனி ஏறத்தாழ 30 ஆண்டுகளிலும் வான் சுற்றை முடிப்பதால், 60 ஆண்டுகளில் இரண்டும் பிறந்தபோது இருந்த நிலைக்கு அருகே மீள்கின்றன; பிரபவ முதல் அட்சய வரையிலான ஆண்டுச் சுற்றும் நிறைவுறுகிறது. ஹோமம் செய்ய வசதி இல்லாத வீட்டில் ஒரு நெய்விளக்கு போதும். அதனுடன் சேவையும் சேரட்டும். குழந்தை தன் கையால் கட்டடத்தின் காவலாளிக்கும் வீட்டு வேலைக்கு உதவும் பெண்மணிக்கும் இனிப்பு வழங்கட்டும். பெரியவர் தம் கையால் ஓர் இலைக்காவது பரிமாறட்டும். ஒரு வேளையேனும் அடுக்களையில் உழைத்த பெண்கள் முதற் பந்தியில் அமர, ஆண்கள் பரிமாறட்டும்.

மூன்றாம் வரமாக நசிகேதன் மரணத்துக்குப் பின் எஞ்சுவது எது என்று கேட்டான். அதைத் தவிர்க்க யமன் நூறாண்டு வாழும் பிள்ளைகளையும் பேரன்களையும், பொன்னையும் யானைகளையும், விரும்பிய அளவு ஆயுளையும் தருவதாகக் கூறினான். பிறந்தநாளில் நாம் ஒருவருக்கொருவர் வாழ்த்திக் கூறுபவையும் இவையே! முழு ஆயுளும் சிறிதே என்று அச்சிறுவன் அவற்றை மறுத்தான். வாழ்த்துவது தவறன்று, வாழ்த்தோடு நின்றுவிடுவது குறை. மூன்றாம் நாள் மாலை, விருந்தினர் புறப்படுமுன், குடும்பத்தினர் அனைவரும் கால் மணி நேரம் மௌனமாக அமரலாம். பிறந்தது இந்த உடல். ஆண்டுகள் நிறைந்ததும் இந்த உடலுக்கே. பிறவாததும் இறவாததும் ஆகிய ஆன்மாவைப் பற்றி யமன் அளித்த விடையைப் பெரியவர் ஒருவர் எளிய சொற்களில் எடுத்துக் கூறலாம். அறுபது வயதுக்காரருக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் அந்த ஆன்மா ஒன்றே.

அதன்பின் புளியோதரையும் இட்லியும் கட்டிக்கொடுத்து உறவினரை வழியனுப்புகிறோம். காலியான கூடத்தில் பாய்களைச் சுருட்டும்போது, இன்னும் நாலு பண்டம் கூடுதலாகச் செய்திருக்கலாமோ என்று எண்ணிப் பார்ப்பதைவிட, யாருடைய குரலையாவது கேளாமல் விட்டோமா என்று எண்ணிப் பார்ப்பது நன்று. விடுபட்டிருந்தால், யமன் செய்தது போல, காரணம் கூறாமல் அன்றே ஈடுசெய்யலாம்.

சிந்தனைக்கு

1. சதபத பிராமணம் கூறும் நான்காவது கடன் யாது? சென்ற ஆண்டில் நாம் அதை யாருக்குச் செலுத்தினோம்?

2. யசோதை அறம் செய்துகொண்டிருந்தபோதே அழுகுரல் ஏன் அவள் காதில் விழவில்லை? நம் வீட்டு விழாவில் கேளாமற்போன குரல் யாருடையது?

3. நசிகேதன் நீண்ட ஆயுளை மறுத்ததற்கும், நாம் நீண்ட ஆயுளை வாழ்த்துவதற்கும் முரண்பாடு உண்டா?

4. அடுத்த பிறந்தநாளில் பெறுவதைக் குறைத்து, கொடுப்பதாக எதை மேற்கொள்ளலாம்?