புல்வெளி போனால் ஓடையும் போகும்

பழனி மலையின் உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்தே இருக்கும். புல்வெளியைத் தரிசு என்று நினைக்கிறோம். அது மழைநீரை உறிஞ்சி, கோடையிலும் ஓடைகளுக்குத் தருகிறது. வரதமாநதி அணைக்கு வரும் தண்ணீர் இந்த மலையிலிருந்தே வருகிறது.

1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தபோது, புல்வெளியில் 66 சதவீதமும் சோலையில் 31 சதவீதமும் குறைந்திருந்தன. அமேசானில் மாட்டுப் பண்ணைக்காகக் காடு அழிகிறது. இங்கே தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரமும், காகிதக் கூழுக்காக யூகலிப்டஸும் நட்டார்கள். உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு வயல்களும் பெருகின.

விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல, வாங்கியவர்கள் நாம்தானே! கீழ்மலையில் நிழல் மரங்களை வெட்டாமலே காப்பி விளைகிறது. மேல்மலையிலும் இருக்கும் வயலை வளமாக்குவோம். புதிய சரிவைத் திருத்த வேண்டாம். ஓடை நம் பிள்ளைகளுக்குரிய அமானிதம்.