தறியும் ஜீனோவும்

கேள்வி: சுஜாதா முழுநேர எழுத்தாளராக இருந்தாரா? விஞ்ஞானக் கதை அவருக்கு மட்டும் எப்படிக் கைவந்தது?
- ஒரு வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: மாதச் சம்பளக்காரராகத்தான் இருந்தார். 1935-ல் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினியராக வேலை பார்த்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குண்டு. 'சுஜாதா' என்ற புனைபெயர் அவர் மனைவியின் பெயர்.

விஞ்ஞானக் கதை கைவந்தது எப்படி என்றால், உங்கள் தெருவில் ஜக்கார்டு தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் தொங்குமே! துளை இருந்தால் அந்தப் பாவு இழை எழும்பும், இல்லையென்றால் கிடக்கும். அந்தக் காலக் கம்ப்யூட்டர் அட்டையும் ஏறக்குறைய இதே சங்கதிதான். இப்படித் தெரிந்ததைக் காட்டித் தெரியாததைச் சொல்வதுதான் அவர் சாமர்த்தியம், 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி-பதில்களில் பார்க்கலாம். (என் பிழைப்புக்கும் அவரே முன்னோடி!)

கதைகளில் என் ஓட்டு 'என் இனிய இயந்திரா'வுக்கு. மனிதர்களைவிட ரோபோ நாய் ஜீனோதான் மனதில் நிற்கிறது. அடுத்து 'மீண்டும் ஜீனோ'வைப் படியுங்கள்.