கரண்ட் வைத்த நெஞ்சும் காய்ச்சலும்

இடது மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை, கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) மூன்றும் முடிந்து பல வருஷங்களாகின்றன. போன ஐப்பசி மழையில் இன்ஃப்ளூயன்ஸா பிடித்தது. காய்ச்சல் விட்ட பிறகும் மூச்சுவாங்கல் விடவில்லை. மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனால், படி திரும்புகிற இடத்தில் வாளியை இறக்கிவைத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டியிருந்தது. "காய்ச்சல் அசதிதான், சத்தா சாப்பிடு" என்றார்கள் வீட்டில். நான் இதய மருத்துவரிடம் போனேன். அங்கே தெரிந்துகொண்டவற்றை என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மார்புக்குக் கதிர் கொடுக்கும்போது, அதுவும் இடப்பக்கம் என்றால், கொஞ்சம் இதயத்திலும் படும். பட்ட இடத்து ரத்தக்குழாய் வருஷங்கள் கழித்துச் சுருங்கலாம், வால்வு தடிக்கலாம். சுவீடன், டென்மார்க் பெண்கள் 2,168 பேரின் விவரங்களை அலசி 2013-இல் வெளியான ஆய்வு, இதயத்தில் சராசரியாகப் படும் ஒவ்வொரு கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிருக்கும் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் 7.4 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. இந்த ஆபத்து சிகிச்சை முடிந்த 5 வருஷத்துக்குள் தொடங்கி, குறைந்தது 20 வருஷம் நீடிக்கிறது.

வைரஸ் காய்ச்சலில் உடம்பெங்கும் அழற்சி கூடுகிறது, ரத்தம் எளிதில் உறைகிறது, நாடி ஏறுகிறது. சிலருக்கு இதயத் தசையே வீங்கும். இன்ஃப்ளூயன்ஸா உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு சுமார் 6 மடங்கு அதிகம் என்று கனடாவில் நடந்த ஆய்வு 2018-இல் காட்டியது. அது பொதுமக்களின் கணக்கு. கதிர் பட்ட இதயம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருப்பதே நல்லது.

காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனால், முதலில் கரண்ட் வைத்ததைச் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பார்த்த இளம் டாக்டர், ஸ்டெத்தை வைக்கும்போது என் நெஞ்சில் இருந்த நீலப் புள்ளியை மச்சம் என்று நினைத்தார். கதிருக்கு இடம் குறிக்கப் பச்சை குத்திய புள்ளி அது. நான் சொன்னதும் அவர் கேள்விகள் மாறின: எந்தப் பக்கம், எந்த வருஷம், எத்தனை கிரே, கீமோவில் சிவப்பு மருந்து ஏறியதா? டாக்ஸோரூபிசின் என்ற அந்த மருந்தும் இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடியது. இதய மருத்துவரிடம் போகச் சொன்னதும் அவர்தான்.

வலி வரட்டும் என்று இருக்காதீர்கள். கதிர் பட்டவர்கள் சிலருக்கு நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாது. மூச்சுவாங்கல், படபடப்பு, கால் வீக்கம், மல்லாந்து படுக்க முடியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால் உடனே 108.

பழைய எக்கோ ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஈசிஜி, எக்கோ, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டதில் ரத்தத்தை வெளியேற்றும் திறன் குறையவில்லை. இதய உறையில் மட்டும் லேசாக நீர் கோத்திருந்தது; மருந்தில் வடிந்தது.

ஓய்வை முடிக்க அவசரம் வேண்டாம். இதயத் தசை வீக்கம் உறுதியானவர்கள் 3 முதல் 6 மாதம் கடும் உடற்பயிற்சி செய்யக்கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. எனக்கு அந்த வீக்கம் இல்லை. பேச்சு தடைபடாத வேகத்தில் நடக்கச் சொன்னார்கள், அதையே பிடித்துக்கொண்டேன்.

மருந்துக் கடையில் வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை உடம்பில் நீரைத் தேக்கும், பிரஷரை ஏற்றும். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஃப்ளூ ஊசியை வருஷந்தோறும் போடுவதா என்று அவரிடமே கேளுங்கள். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் கட்டுக்குள் இருக்கட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கரண்ட் வைத்துக்கொள்ளப் பயப்பட வேண்டாம். என் உயிரைக் காத்த சிகிச்சைகளில் அதுவும் ஒன்று. இன்று மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இதயத்தை விலக்கிக் கதிர் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. முன்பே வைத்துக்கொண்டவர்கள், சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியில் கதிரின் அளவு எழுதிய சுருக்கத்தைக் கேட்டு வாங்கி, செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த காய்ச்சலில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.